மொழிக்கு ஒரு வாய்க்கால்

பெரியாற்று நீர் 1895-இல் மலைச் சுரங்கத்தின் வழியே நம் கம்பம் பள்ளத்தாக்கை அடைந்தது. நீர் பழையது, வழியே புதியது. கணிப்பொறி மொழிகளுக்கும் அத்தகைய வழி வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் வூலங்காங் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்டு மில்லர் 1977-இல் யூனிக்ஸை இன்டர்டேட்டா இயந்திரத்துக்குப் பெயர்த்தபோது, சி மொழியின் தொகுப்பியையே முதலில் அங்கு அமைத்தார்.

முத்து அண்ணாமலை படைத்த ‘எழில்’ என்னும் தமிழ் நிரல்மொழி பைத்தான் மொழியின் மீது இயங்குவது. ஆதலின், யூனிக்ஸ் மரபைச் சார்ந்த பழைய கணிப்பொறியில் எழில் இயங்கவேண்டுமாயின், பைத்தானின் இயக்கச்சூழல் முன்னதாக அங்குப் பொருந்தவேண்டும். அச்சூழல் நாடும் சில வசதிகள் பழைய அமைப்பில் இரா. அவற்றுக்கு ஈடான இடைநிரல்களை ஒருவர் எழுதவேண்டும்.

2011 முதல் தமிழக அரசு மாணவர்க்கு வழங்கிய மடிக்கணினிகளில் பாஸ் லினக்ஸும் இருந்ததைத் தலைமையாசிரியனாக நான் கண்டேன். முதலில் வந்தவை இன்று பழமை எய்திவிட்டன. புதியது வாங்க இயலாத வீட்டுப் பிள்ளைக்கு, அவ்விடைநிரலை எழுதுவோரே வாய்க்கால் வெட்டுவோர்.