நிரலும் நெறிமுறையும்

இலக்கணம் இலக்கியத்திலிருந்து எடுக்கப்படுவது என்பது தமிழாசிரியர் அனைவரும் மாணவர்க்குக் கூறும் செய்தி. வழக்கில் நிற்பதைக் கண்டு விதி வகுத்தனரேயன்றி, விதியை முன்னே வகுத்துவிட்டு மொழியை அதற்குள் புகுத்தினாரல்லர் நம் முன்னோர். இதே வினா, மொழிக்கு வெளியே, மிக அண்மைக் காலத்தில் தோன்றிய ஒரு தொழிலில் ஐம்பது ஆண்டுக்கும் மேலாக வழக்காடப்பட்டு வருகிறது. கணிப்பொறிக்கு நிரல் எழுதும் தொழிலே அது. நிரலாவது, கணிப்பொறி வரிசையாகச் செய்ய வேண்டியவற்றைக் கூறும் கட்டளைத் தொகுதி. அத்தகைய நிரல்கள் பல சேர்ந்தது மென்பொருள். பலர் கூடி மென்பொருள் ஆக்குமிடத்து, முன்கூட்டி வகுத்த விதிகளும் ஏடுகளும் ஒப்புதல்களும் அவர்க்குத் துணையா, தளையா என்பதே வழக்கு.

தொடக்கத்தில் இவ்வழக்கு எழவில்லை. நிரல்கள் ஒருவரோ ஒரு சிலரோ எழுதி முடிக்கும் அளவினவாக இருந்தன. 1964-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம் சிஸ்டம்/360 என்னும் கணிப்பொறிக் குடும்பத்தை அறிவித்தபின் நிலை மாறிற்று. அவற்றை இயக்குதற்குரிய ஓ.எஸ்./360 என்னும் பெருமென்பொருளை ஆக்கும் பொறுப்பு பிரெடரிக் புரூக்ஸ் என்பாரிடம் இருந்தது. உச்ச நிலையில் ஆயிரம் பேருக்கு மேல் அப்பணியில் ஈடுபட்டனர். அத்தனை பேரும் ஒரே பொருளை ஒரே கருத்துடன் ஆக்குதல் வேண்டும். பத்துப் பேர் கொண்ட குழுவில் இருவர் இருவராகப் பேசிக்கொள்ளும் வழிகள் 45. ஐம்பது பேராயின் அவை 1,225. வாய்ப்பேச்சை நம்பி இத்தனை பேரை நடத்துதல் இயலாது. ஆகவே பணி பற்றிய குறிப்பெல்லாம் ஒரே பணியேட்டில் இடம்பெற வேண்டும் என்றும், அவ்வேடு எல்லா நிரலர்க்கும் கிடைத்தல் வேண்டும் என்றும் புரூக்ஸ் விதித்தார்.

விதி நல்ல விதியே. ஆனால் ஏடு வளர்ந்தது. ஆறு மாத அளவில் அதன் தடிப்பு ஏறத்தாழ ஐந்து அடியாயிற்று. நாள்தோறும் வந்த திருத்தப் பக்கங்கள் மட்டும் சராசரி இரண்டு அங்குலத் தடிப்பின. ஏறத்தாழ 150 பக்கங்கள். அவற்றைப் பழைய தாள்களினிடையே உரிய இடத்தில் கோத்து வைப்பதே தனி வேலையாகிவிட்டது. பின்னர் நுண்படத் தகடுகளுக்கு மாறித் தாளின் சுமையைக் குறைத்தனர்.

ஒவ்வொருவரும் எல்லாவற்றையும் அறிதல் வேண்டும் என்பதே அப்பணியேட்டின் உயிர்க்கருத்து. டேவிட் பார்னாஸ் என்னும் அறிஞரோ இதற்கு நேர்மாறாக, ஒவ்வொரு பகுதியின் உள்ளமைப்பும் பிறர்க்கு மறைந்திருத்தலே நலம், புறத்தே தெரியும் இணைப்பு மட்டும் அறிந்தால் போதும் என்று வாதிட்டார். புரூக்ஸ் தம் பட்டறிவை 1975-இல் நூலாக்கினார். காலந்தாழ்ந்த பணியில் மேலும் ஆள் சேர்த்தால் அது இன்னும் தாழும் என்னும் அவர் கருத்து அந்நூலால்தான் பரவியது. 1995-இல் அதன் புதிய பதிப்பில், பார்னாஸ் கூறியதே சரி, தாம் கூறியது தவறு என்று அவர் வெளிப்படையாக எழுதினார். அறிவுலகில் இத்தகைய நேர்மையை அடிக்கடி காண்பதற்கில்லை.

பெருநிரல்கள் காலந்தாழ்வதும், செலவு மீறுவதும், பிழை மலிந்து வெளிவருவதும் ஓரிடத்து நிகழ்ச்சியல்ல என்பது விரைவில் புலனாயிற்று. 1968 அக்டோபரில் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில், நேட்டோ அமைப்பின் அறிவியற் குழு ஆதரவில் ஏறத்தாழ ஐம்பது வல்லுநர் கூடினர். 'மென்பொருட் பொறியியல்' என்னும் தொடரே அக்கூட்டத்தின் பெயராக வைக்கப்பட்டது. பாலம் கட்டுவோர்க்கு இருப்பது போன்ற ஒழுங்கு நிரல் எழுதுவோர்க்கும் வேண்டும் என்று உறுத்துவதற்காகவே அப்பெயரைத் தேர்ந்தனர். ஒழுங்கு வேண்டும் என்பதில் பெரும்பாலும் கருத்து வேற்றுமை இல்லை. எவ்வொழுங்கு, யார் வகுப்பது என்பதில்தான் பின்னைய அரை நூற்றாண்டு கழிந்தது.

இவ்விடத்தில் ஒரு கட்டுரையின் கதையைச் சற்று விரிவாகக் கூறுதல் தகும். வின்ஸ்டன் ராய்ஸ் என்பவர் விண்கலங்களுக்கான மென்பொருட் பணியில் தேர்ந்தவர். 1970 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நடந்த மாநாட்டில், பெரிய மென்பொருள்களை ஆக்கும் பணியை நடத்துவது எப்படி என்று ஒரு கட்டுரை அளித்தார். அதில் ஒரு படம் உண்டு. தேவையை அறிதல் முதல் பயன்படுத்துதல் ஈறாக ஏழு படிகள், ஒன்றன்கீழ் ஒன்றாக, மேலிருந்து நீர் இறங்குவதுபோல் வரையப்பட்டிருக்கும். ஒரு படி முடிந்தபின்னரே அடுத்த படி. பார்த்தவுடன் மனத்தில் பதியும் படம். அப்படம் ஊரெங்கும் பரவிற்று. பிற்காலத்தார் அதற்கு 'அருவி முறை' எனப் பெயரும் இட்டனர். ராய்ஸ் அச்சொல்லைப் பயன்படுத்தினாரல்லர்.

படத்தை எடுத்துக்கொண்டவர் பலர், அதன் கீழே எழுதியிருந்ததைப் படிக்கவில்லை போலும். படிப்படியாக இறங்கும் கருத்தில் தமக்கு நம்பிக்கை உண்டு என்றும், ஆனால் படத்தில் கண்டவாறே அதைச் செய்தல் இடர் மிக்கது, தோல்வியை அழைப்பது என்றும் ராய்ஸ் அங்கேயே எழுதியிருந்தார். காரணமும் காட்டினார். சோதனை கடைசியில்தான் வருகிறது. அங்கே அடிப்படைப் பிழை தென்பட்டால் மீண்டும் முதற்படிக்கே ஏற வேண்டும். ஆகவே புதிதாக ஆக்குவதை இருமுறை ஆக்குக, முதன்முறையை ஒரு வெள்ளோட்டமாகக் கொள்க, பயன்படுத்துவோரைத் தொடக்கமுதல் உடன் வைத்துக்கொள்க என்றெல்லாம் அவர் கூறிய திருத்தங்களே கட்டுரையின் பெரும்பகுதி. அவர் ஏட்டின் பகைவர் என்றும் எண்ணற்க. ஐம்பது இலட்சம் டாலர் மதிப்புள்ள ஒரு கருவிக்கு 30 பக்க விவரம் போதுமெனில், அதே மதிப்புள்ள மென்பொருளுக்கு 1,500 பக்கம் வேண்டும் என்றவர் அவர். ஏடு வேண்டும் என்றார். ஏடு எழுதியபின் கற்பதற்கு ஒன்றுமில்லை என்று மட்டும் அவர் கூறவில்லை.

ஆனால் அரசுக்கும் ஒப்பந்தக்காரர்க்கும் உகந்தது படமே. இன்ன படி முடிந்தது, இன்ன ஏடு ஒப்படைக்கப்பட்டது, இன்ன தொகை கொடுக்கலாம் என்று கணக்கு முடிக்க அது எளிது. 1985-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2167 என்னும் எண் கொண்ட விதித்தொகுதியை வெளியிட்டது. படைத்துறை மென்பொருள் ஆக்குவோர் அவ்வப்படியில் அளிக்க வேண்டிய ஏடுகளை அது வரையறுத்தது. நடைமுறையில் அருவி முறையே விதியாயிற்று. ஆய்வாளர் வரும் நாளை எண்ணி எழுதி நிரப்பப்படும் பாடக் குறிப்பேட்டுக்கும் வகுப்பில் நடக்கும் பாடத்துக்கும் உள்ள தொலைவை அறிந்த ஆசிரியர்க்கு, பின் விளைந்தது என்ன என்று விளக்க வேண்டுவதில்லை. 1987-இல் அத்துறையே அமைத்த ஒரு குழு, அருவி முறையைச் சார்ந்த கருத்துக்களை விதிகளிலிருந்து நீக்க வேண்டும் என்று அறிக்கை தந்தது. குழுவின் தலைவர் வேறு யாருமல்லர். பணியேடு வகுத்த அதே புரூக்ஸ். எனினும் 2167 முற்றும் மாற்றப்பட 1994 டிசம்பர் வரை ஆயிற்று.

இவ்வளவில் விதி என்றாலே தளைதான் என்று முடிவு கட்டுவோர் ஹியூஸ்டன் நகரக் குழுவின் வரலாற்றையும் நோக்குதல் வேண்டும். விண்ணோடத்தை இயக்கும் மென்பொருளை ஆக்கியது அக்குழு. ஐ.பி.எம். நிறுவனத்தில் தொடங்கிப் பின்னர் கைமாறியது. 1981 ஏப்ரல் 10-ஆம் நாள், விண்ணோடத்தின் முதற் பயணத்துக்காக ஜான் யங், ராபர்ட் கிரிப்பன் ஆகிய இருவரும் உள்ளே அமர்ந்திருந்தனர். ஒரே நிரலை இயக்கிய நான்கு கணிப்பொறிகளும், வேறு நிறுவனம் எழுதிய நிரலை இயக்கிய ஐந்தாவது காப்புக் கணிப்பொறியும் காலத்தால் ஒத்துப் போகவில்லை. பயணம் அன்று நிறுத்தப்பட்டு ஏப்ரல் 12-இல் நிகழ்ந்தது. ஆராய்ந்தபோது, முன்னைய ஆண்டுகளில் செய்த சிறு திருத்தங்களால், கணிப்பொறிகளைத் தொடங்கும்போது 67-இல் ஒருமுறை மட்டுமே நேரக்கூடிய பிழை உள்ளே புகுந்திருந்தது தெரிந்தது. உலகமே பார்த்திருக்க, அந்த ஒருமுறை அன்று நேர்ந்தது.

அக்குழு தன் நெறிமுறையை வளர்த்துக்கொண்ட விதம் கருதத்தக்கது. நிரலில் இதுவரை எழுந்த பிழை ஒவ்வொன்றையும், அது எப்போது, எவ்வாறு புகுந்தது, எவ்வாறு கண்டுபிடிக்கப்பட்டது என்பதோடு பதிந்து வைத்தனர். பிழை தென்பட்டால் எழுதியவர் யார் என்று கேட்பதோடு அமையாமல், இப்பிழை புகவும் கடந்து செல்லவும் நம் முறையில் இடம் இருந்தது எப்படி என்று கேட்டனர். விடை கிடைத்ததும் முறையையே திருத்தினர். எழுதுவோர் ஒரு சாரார், சோதிப்போர் மற்றொரு சாரார். ஒருவர் பிழையை மற்றவர் காண்பதில் போட்டி. ஏட்டுக்கும் குறைவில்லை. நிரலின் நீளம் ஏறத்தாழ 4,20,000 வரி. அதன் விவர ஏடு 40,000 பக்கம். செயற்கைக்கோளின் துணையால் இடமறியும் வசதியைச் சேர்க்க 6,366 வரி மாற்ற வேண்டியிருந்தது. அதற்கு மட்டும் 2,500 பக்கம். பணியேட்டைச் சுமையாகக் கண்ட புரூக்ஸ் காலத்து நிரலர் இதைக் கேட்டால் மயங்கி விழுந்திருப்பர். எனினும் 1996-இல் வெளிவந்த கணக்கின்படி, அந்நிரலின் கடைசி மூன்று பதிப்புகளிலும் பதிப்புக்கு ஒரு பிழையே காணப்பட்டது.

ஆகவே பக்கங்களின் எண்ணிக்கை வழக்கைத் தீர்ப்பதில்லை. 2167 பிறர் எழுதி இவர்க்கு அளித்த இலக்கணம். ஹியூஸ்டன் குழுவினது, தம் நிரலைக் கண்டு தாமே வகுத்த இலக்கணம். இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: ஒரே நிரலைப் பல்லாண்டு, ஏறத்தாழ அதே குழுவினர், ஆண்டுக்குக் கோடிக்கணக்கான டாலர் செலவில் காத்து வந்தனர். அங்காடிக் கணக்குக்கு நிரல் எழுதுவோர்க்கு அந்த வாய்ப்பு ஏது?

அச்சிறப்பைப் பிறர்க்கும் கற்பிக்க முயன்றவர் வாட்ஸ் ஹம்ஃப்ரி. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மென்பொருட் பொறியியல் நிலையத்தில் அவர் வழிகாட்டுதலால் ஐந்து படிநிலைகள் கொண்ட ஓர் அளவுகோல் உருவாயிற்று. நிறுவனங்களின் தேர்ச்சியை அதனால் அளந்தனர். ஹியூஸ்டன் குழு ஐந்தாம் நிலையில் வைக்கப்பட்டது. அடுத்து அந்நிலை எய்தியது 1993-இல் பெங்களூரில் இருந்த மோட்டோரோலா கிளை. பின்னர் இந்திய நிறுவனங்கள் பல அந்நிலையை நாடின. ஹம்ஃப்ரியின் பெயரால் சென்னையில் 2000-ஆம் ஆண்டு ஒரு மென்பொருட் தர நிலையமும் அமைந்தது. கடல் கடந்த வாடிக்கையாளரின் நம்பிக்கையைப் பெற அச்சான்று உதவிற்று என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் சான்றுக்காக நாடப்படும்போது, தம் பிழையிலிருந்து பிறந்த விதி என்னும் தன்மையை அது இழந்துவிடுவது இயல்பே.

இழந்தால் என்னாகும் என்பதற்கு 1996 ஜூன் 4 சான்று. தென்னமெரிக்காவின் கூரு ஏவுதளத்திலிருந்து எழுந்த ஐரோப்பாவின் முதல் ஏரியன் 5 ஏவூர்தி, ஒரு நிமிடம் ஆவதற்குள் சிதைந்தது. நான்கு ஆய்வுக் கலங்கள் அழிந்தன. திசையறி கருவியின் நிரல் ஏரியன் 4 ஏவூர்தியிலிருந்து மாற்றமின்றி எடுக்கப்பட்டது. புதிய ஏவூர்தியின் கிடைமட்ட வேகம் மிகுதி. அதைச் சார்ந்த ஒரு மதிப்பு, 32,767-க்கு மேற்பட்ட எண்ணைக் கொள்ளாத சிறிய இடத்தில் இடப்பட்டபோது நிரல் நின்றது. காப்புக்கு வைத்த இரண்டாம் கருவியிலும் அதே நிரல், அதே முடிவு. வேதனை என்னவெனில், நின்றது ஏவூர்தி எழுந்தபின் ஏரியன் 5-க்குத் தேவையே இல்லாத ஒரு பகுதி. ஆய்வுக் கூட்டங்களும் ஒப்புதல்களும் குறைவின்றி நடந்திருந்தன. ஆனால் புதிய ஏவூர்தியின் பாதை விவரத்தைக் கருவியின் விவர ஏட்டில் சேர்க்க வேண்டியதில்லை என்று சார்ந்தோர் அனைவரும் ஒப்புக்கொண்டிருந்தனர் என விசாரணைக் குழு கண்டது. விதிப்படி கையொப்பம் விழுந்தது. கேட்க வேண்டிய கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை.

மாற்றுக் குரல் 2001 பிப்ரவரியில் ஒலித்தது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பனிமலை விடுதி ஒன்றில் நிரலர் பதினேழு பேர் கூடினர். ஏட்டைவிட இயங்கும் மென்பொருளும், முறைகளைவிட மனிதரும் அவர்தம் உறவாடலும் மேலாக மதிக்கத்தக்கவை என்று ஓர் அறிக்கை விடுத்தனர். ஏடும் முறையும் வேண்டாதவை என்று அவர்கள் கூறவில்லை. ராய்ஸின் கட்டுரைக்கு நேர்ந்தது போலவே இவ்வறிக்கையையும் பாதி படித்தவரே மிகுதி. அவர் வழியால் நன்மை விளைந்தது உண்மை. அமெரிக்கக் கூட்டரசுப் புலனாய்வுத் துறை, வழக்குக் கோப்புகளுக்கென ஆக்கிய மென்பொருளை 2005-இல் ஏறத்தாழ 17 கோடி டாலர் செலவுக்குப் பின் கைவிட்டது. 2006-இல் தொடங்கிய மறுமுயற்சியும் தடுமாறியது. 2010-இல் பணியைத் தானே ஏற்று, இரு வாரத்துக்கு ஒருமுறை ஒரு பகுதியை முடித்துக் காட்டும் முறைக்கு மாறியபின், 2012 ஜூலையில் அது பயனுக்கு வந்தது. இரு வாரக் கெடு என்பதும் கண்டிப்பான ஒரு விதியே என்பதை மறக்கலாகாது.

பின்னர் அவ்வியக்கத்துக்கும் பயிற்சி வகுப்புகளும், சான்றிதழ்களும், படிநிலைகளும் வந்து சேர்ந்தன. 2014 மார்ச்சில், அறிக்கையில் ஒப்பமிட்ட பதினேழ்வருள் ஒருவரான டேவ் தாமஸ், 'அஜைல்' என்னும் அவ்வியக்கப் பெயர் செத்துவிட்டது என்று எழுதினார். விரைந்து இயங்கும் தன்மையைக் குறிக்கும் அடைமொழியாகத் தாங்கள் வைத்த சொல்லைப் பெயர்ச்சொல்லாக்கி விற்கின்றனர் என்பது அவர் குறை.