நல்-ஏ மூட்டிய சண்டை

1945 ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை அமெரிக்காவின் ‘அஸ்டவுண்டிங்’ அறிவியல் புனைகதை இதழில் வந்த தொடர்கதை ஏ.ஈ. வான் வோக்டின் ‘தி வேர்ல்ட் ஆஃப் நல்-ஏ’. ‘நல்-ஏ’ என்றால் அரிஸ்டாட்டிலியம் அல்லாதது: அரிஸ்டாட்டிலின் தர்க்கத்தைத் தாண்டிச் சிந்திக்கப் பழகியவர்களின் உலகம் அது. கரு, சிந்தனையாளர் ஆல்ஃபிரட் கார்சிப்ஸ்கியின் நூல்களிலிருந்து வந்தது. நாயகன் கோஸேன் செத்துப்போகிறான், பிறகு இன்னோர் உடலில் கண் விழிக்கிறான். வாசகர் பாடு திண்டாட்டம்தான்.

அந்த ஆண்டே டேமன் நைட் என்ற இளைஞர் நாவலைக் கிழித்துத் தொங்கவிட்டார். கதை முன்னுக்குப்பின் முரண். மேதை எனப்படும் நாயகனோ அசட்டுத்தனமாக நடக்கிறான் என்றார். நியாயமான புகார்தான்.

ஆனாலும் 1948-இல் அது புத்தகமானது. 1953-இல் எழுத்தாளர் போரிஸ் வியான் பிரெஞ்சில் மொழிபெயர்த்தார். அறிவியல் புனைகதை எழுத்தாளர் பிலிப் கே. டிக்கோ அந்தக் குழப்பத்தையே நிஜ வாழ்வின் சாயலாகக் கண்டு மெச்சினார்.

1970 பதிப்புக்காக வான் வோக்ட் கதையைத் திருத்தினார். முன்னுரையில் நைட்டுக்குப் பதிலும் சொன்னார், கால் நூற்றாண்டு கழித்து.