பொறுமையும் விழிப்பும் (கிறிஸ்தவ வாழ்வில்)

துன்பத்தில் விசுவாசம் தளராது நிலைத்திருப்பதைப் பொறுமை என்றும், சோதனை வேளையில் ஜெபத்தைக் கைவிடாதிருப்பதை விழிப்பு என்றும் கிறிஸ்தவ மரபு கூறும். முன்னதற்கு யோபுவை யாக்கோபின் நிருபம் எடுத்துக்காட்டுகிறது. பின்னதை, கெத்செமனே தோட்டத்தில் உறங்கிவிட்ட சீடர்களிடம் இயேசுவே கேட்டார்.

இவ்விரண்டும் ஒருவரிடத்தில் கூடிவந்ததற்குத் தமிழ் மண்ணில் நட்டாலம் தேவசகாயம் (1712–1752) தலையாய சான்று. அவர் திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மரின் பணியாளர். அடுத்தடுத்த இழப்புகளால் மனமுடைந்திருந்த அவருக்கு டச்சுத் தளபதி டிலனாய் யோபுவின் வரலாற்றைச் சொன்னார் என்பது மரபு. 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார், 1749இல் கைதானார்.

பின்வந்த ஏறத்தாழ மூன்று ஆண்டுகளே அவர் வாழ்வின் உச்சம். சாவின் கணத்தைவிட இந்த நீண்ட காத்திருப்பே கடினமானது. எருமைமேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுசென்றார்கள், சாட்டையால் அடித்தார்கள், புண்ணில் மிளகாய்ப்பொடி பூசினார்கள், பெருவிளையில் வேப்பமரத்தில் கட்டிவைத்தார்கள் என்று மரபு விவரிக்கிறது. விடுதலை எப்போது, மரணம் எப்போது என்று தெரியாத அந்நாட்களிலும் அவர் ஜெபத்தை விடவில்லை. தேடி வந்தவர்களுக்கு ஆறுதலும் சொன்னார்.

1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். கல்லறை கோட்டாறு புனித சவேரியார் பேராலயத்தில் உள்ளது. 2012இல் அருளாளராகவும், 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸால் புனிதராகவும் அறிவிக்கப்பட்டார். இந்தியப் பொதுநிலையினருள் புனிதர் நிலை பெற்ற முதல்வர் இவரே.