அகப்படாத சார்மோனியங்கள்

சார்மோனியம் என்பது சார்ம் குவாக்கு ஒன்றும் அதன் எதிர்க்குவாக்கும் பிணைந்து உண்டாகும் துணிக்கைக் குடும்பம். அதன் முதல் உறுப்பு 1974 நவம்பர் 11இல் அறிவிக்கப்பட்டது. புரூக்ஹேவனில் சாமுவேல் டிங்கின் குழு பெரிலியத்தின் மீது புரோத்தன்களை மோதவிட்டு அதைக் கண்டு ‘ஜே’ என்றது. ஸ்டான்ஃபோர்டில் பேர்ட்டன் ரிக்டரின் குழு இலத்திரனையும் பொசித்திரனையும் மோதவிட்டு ‘சை’ என்றது. இரு தரப்பும் விட்டுக்கொடுக்காததால் இன்றும் அது ஜே/சை. 1976 நோபல் பரிசை இருவரும் பகிர்ந்தார்கள்.

இலத்திரன்–பொசித்திரன் மோதலில் நேரடியாகப் பிறப்பவை போட்டனின் சுழற்சிப் பண்பை உடைய நிலைகள் மட்டுமே. ஏனையவற்றை வேறு வழிகளில்தான் தேடவேண்டும். சுற்றுக் கோண உந்தம் இரண்டு அலகாக உள்ள நான்கு நிலைகளின் கதை இதற்கு நல்ல சாட்சி. போட்டனை ஒத்த ஒன்று, சை(3770), 1977இலேயே அகப்பட்டது. மற்ற மூன்றும் ஏட்டில் மட்டும் இருந்தன.

அவற்றுள் சை-2 விசித்திரமானது. ஏறத்தாழ 3,730 மெகா இலத்திரன் வோல்ற்றுக்கு மேற்பட்ட சார்மோனியம் பொதுவாக இரு டி மேசன்களாக உடனே உடைந்துவிடும். சை-2இன் திணிவு அந்த எல்லைக்கு மேலே இருந்தும், சமச்சீர் விதிகள் அவ்வாறு உடைய விடுவதில்லை. ஆகவே அது காமாக் கதிரை உமிழ்ந்து கீழ்நிலைக்கு இறங்கும் என்று எதிர்பார்க்கப்பட்டது.

தெற்காசியாவில் இதற்கேற்ற மோதுகை இயந்திரம் இல்லை. மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், சண்டிகர் பஞ்சாப் பல்கலைக்கழகம், பின்னர் சென்னை ஐஐடி ஆகியவற்றின் ஆய்வாளர்கள் ஜப்பானின் சுக்குபாவில் நடந்த பெல் பரிசோதனையில் சேர்ந்தார்கள். அதன் முதன்மை நோக்கம் பி மேசன்கள். சார்மோனியம் ஒருவகையில் பக்க விளைச்சல்தான். ஆனால் 2003இல் சார்மோனியக் கணக்குக்குள் அடங்காத எக்ஸ்(3872) அங்கேதான் வெளிப்பட்டது. பக்க விளைச்சலே பெல்லுக்குப் பெரும்புகழைத் தந்தது என்றாலும் மிகையாகாது.

பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த விஷால் பரத்வாஜ் முதல் ஆசிரியராக 2013இல் வந்த பெல் கட்டுரை, 77.2 கோடி பி மேசன் சோடிகளின் தரவை ஆராய்ந்தது. சை-2க்காகத் தேடப்பட்ட தடயம் இது: ஒரு கே மேசன், இரண்டு காமாக் கதிர்கள், ஜே/சை உடைந்து தந்த இலத்திரன் அல்லது மியூயோன் சோடி. 3,823 மெகா இலத்திரன் வோல்ற்றில் ஒரு ஒடுங்கிய மேடு தெரிந்தது. அதன் புள்ளியியல் வலு 3.8 சிக்மா. கண்டுபிடிப்பு என்று சொல்ல 5 வேண்டும். ஆகவே கட்டுரை ‘சான்று’ என்பதற்கு மேல் உரிமை கோரவில்லை. 1994இல் ஃபெர்மிலாபின் ஒரு பரிசோதனை 3,836இல் கண்டதாகச் சொன்ன குறி உறுதிப்படாமல் போயிருந்ததை நினைத்தால், இந்த அடக்கம் தேவையானதே. 2015இல் சீனாவின் பெஸ்-3 பரிசோதனை 6.2 சிக்மாவுடன் அதே துணிக்கையைக் கண்டது.

மூன்றாவதான சை-3ஐ 2019இல் சேர்னின் எல்எச்சிபி பரிசோதனை, 3,843 மெகா இலத்திரன் வோல்ற்றுக்கு அருகே பிடித்தது. நான்காவது ஈட்டா-சி-2. அதைப் பெல் தரவில் தேடிய 2020ஆம் ஆண்டு ஆய்வுக்குக் குறி எதுவும் அகப்படவில்லை.