யாழ்ப்பாணம் – கொழும்பு: எத்தனை மணித்தியாலம்?

போன கிழமை கனடாவிலிருந்து பேரன் கேட்டான்: "அப்பப்பா, கொழும்பிலயிருந்து யாழ்ப்பாணம் வர எவ்வளவு நேரம் எடுக்கும்?"

"எந்த ஆண்டில எண்டு சொல்லு" என்றேன். சிரித்தான். நான் பகிடிக்குச் சொல்லவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் வரலாறு படிப்பித்தவன், அந்தப் பழக்கம் போகாது.

தூரம் என்னவோ ஒன்றுதான். வானத்தில் நேர்கோடு பிடித்தால் ஏறக்குறைய 300 கிலோமீற்றர், தெருவால் வந்தால் சுமார் 400. கொழும்பிலிருந்து வடக்கே வந்த றெயில் பாதை 1905இல் முழுமையானது. இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய விமானப்படை பலாலியில் ஓடுபாதை போட்டது. 1947 டிசம்பரில் எயர் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையில் கிளம்பி, இங்கே இறங்கி, சென்னைக்குப் போனது. ஆனால் சாதாரண சனத்துக்கு றெயில்தான். 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. விடியக் கோட்டையில் ஏறினால் மத்தியானம் பிந்தியாவது வீட்டுச் சோறு. கிளாக்கர்மார் திரும்பிப் போகும்போது ஒடியலும் கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் கட்டிக்கொண்டு போவார்கள். பெட்டி முழுக்க மணக்கும்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. றெயில் நின்றது, ஏ9 பாதை மூடப்பட்டது. பிறகு வழி என்றால் கிளாலிக் கடல்நீரேரிதான். இரவில் விளக்கில்லாத படகு. 1993 ஜனவரியில் அந்த நீரேரியில் கடற்படை சுட்டுப் பொதுமக்கள் பலர் செத்தார்கள். அதற்குப் பிறகும் சனம் போனது, வேறு வழி இல்லை.

1992இல் நான் கொழும்பில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அம்மா செத்த செய்தி மூன்றாம் நாள்தான் கிடைத்தது, அதுவும் ஊரிலிருந்து வந்த ஒருவர் சொல்லி. வவுனியா வரை றெயில். அங்கே பாஸ் வாங்க வரிசை. பிறகு நடை, லொறி, படகு. எட்டுச் செலவன்று படலையைத் திறந்தேன். தங்கச்சி என்னைக் கண்டதும் ஒன்றும் பேசவில்லை, கால் கழுவத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

1996க்குப் பிறகு திருகோணமலை வழியாகக் கப்பல், அல்லது பலாலியிலிருந்து விமானம். ஆகாயத்தில் ஒரு மணித்தியாலம்தான், ஆனால் அனுமதிக்கும் சோதனைக்கும் போகும் நாட்களை யார் கணக்கெடுப்பது? 1998 செப்ரெம்பர் 29 அன்று பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட தனியார் விமானம் மன்னார்க் கடலில் விழுந்தது. அதிலிருந்த 55 பேரும் போய்ச் சேரவேயில்லை. கடலடியில் சிதைவைக் கண்டது 2012இல்.

ஏ9 2002இல் திறந்தது, 2006 ஓகஸ்ரில் மறுபடி மூடியது, போர் முடிந்த பிறகு திறந்தது. யாழ்தேவி யாழ்ப்பாணம் வந்தது 2014 ஒக்ரோபரில். 24 வருடம்! இடையில் பிறந்த பிள்ளைகள் தண்டவாளமே காணாமல் உயர்தரம் எழுதிவிட்டார்கள். அவர்களுக்கு றெயிலைப் படம் கீறிக் காட்டியவன் நான்.

இப்போது இரவு பஸ்ஸில் ஏறினால் விடிய யாழ்ப்பாணம். பேரனுக்கு "எட்டு மணித்தியாலம்" என்று சொன்னேன். ஓகஸ்ரில் வருகிறானாம். அம்மாவின் படத்தைத் துடைத்து வைத்திருக்கிறேன்.