ரூஜும் உதிரமும்

ரொறன்ரோவின் கிழக்கு விளிம்பில் ஒன்ராறியோ ஏரியில் கலக்கும் ரூஜ் ஆற்றின் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். தொல்காப்பிய நெறியில் ரகரம் மொழிக்கு முதலாகாது. பிரெஞ்சு நாவில் ஜகரத்துக்கும் ஷகரத்துக்கும் இடையே இழையும் அதன் ஈற்றொலிக்கோ நம் நெடுங்கணக்கில் எழுத்தே இல்லை.

ரூஜ் என்றால் பிரெஞ்சில் சிவப்பு. கரைகளின் செங்களிமண்ணைக் கண்டு இட்ட பெயர் என்பர். ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டி 17ஆம் நூற்றாண்டில் கனட்செக்வியாகொன் என்னும் செனெகா மக்களின் ஊர் இருந்தது. 1669இன் பனிக்காலத்தைப் பிரெஞ்சுப் பாதிரியார் ஃபெனலோன் அங்கே கழித்தார். பின்னர் ஆள வந்த ஆங்கிலேயர் தம் நாட்டு ஆறொன்றின் நினைவாக ‘நென்’ என்று வரைபடத்தில் எழுதினர்; அது தாளோடு நின்றுவிட, மண்ணின் நிறத்தைச் சொன்ன பெயரே நிலைத்தது.

இனித்தான் எனக்குப் பெருமகிழ்ச்சி தரும் இடம். ரூஜின் தாய் இலத்தீன் ‘ருபேயுஸ்’. அதன் உடன்பிறப்பு ‘ருபெர்’. அதே வேரில் வடமொழியில் கிளைத்தது ‘ருதிரம்’, செந்நிறம், குருதி. அந்த ருதிரம் தமிழுக்குள் வந்தபோது முதல் ரகரத்தை வாசலிலேயே களைந்து, உகரத்தை மட்டும் ஏந்தி ‘உதிரம்’ ஆயிற்று. இன்று அதை வேற்றுச்சொல் என்று எவர் காது உணர்கிறது? ஆகவே ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவின் தமிழர் ரூஜ் என்று சொல்லும்போதெல்லாம், பாட்டி சொன்ன உதிரத்தின் தூரத்து உறவையே அழைக்கிறார்கள்.

நமக்கே உரிய வேர் செம்மை. மலைபடுகடாம் பாடும் சேயாறு இன்று செய்யாறு. ‘சேய்’ என்பதைக் குழந்தை எனக் கொள்வாரும் உண்டு, ஆனால் செம்மை என்ற பொருளும் அச்சொல்லுக்கு உண்டு, முருகனைச் சேய் என்பதிலும் அந்நிறம் ஒளிர்கிறது. நான் செம்மையின் பக்கம்.

ரூஜின் மேல்நீரோட்டத்தில் யூனியன்வில் என்ற பழஞ்சிற்றூர். கனடாவின் ‘எழுவர் குழு’ ஓவியர் ஃபிரெட்ரிக் வார்லி தம் இறுதியாண்டுகளைக் கழித்த ஊர், அவர் பெயரில் கலைக்கூடமும் உண்டு. கீழ்நீரோட்டத்திலோ 2011இல் ஸ்காபரோ–ரூஜ் ரிவர் தொகுதி ராதிகா சிற்சபைஈசனைக் கனடிய நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது, தமிழருள் முதல் உறுப்பினராக. அன்று முதல் ‘ரூஜ்’ நம் செய்தித்தாள் தலைப்புகளில் குடியேறிய சொல். அதைச் ‘செவ்வாறு’ என்று பெயர்க்க வேண்டியதில்லை. ‘உரூசு’ என்று எழுதுவோரைத் தடுக்கவும் மாட்டேன், இராமனுக்கும் உரோமத்துக்கும் நாம் செய்ததுதானே அது.