கொள்ளைநோய்க் கிருமியின் வரலாறு

சாசனமும் நாணயமும் போல இறந்தோரின் பல்லும் வரலாற்றாசிரியனுக்குச் சான்றாகும் என்றால் நகைப்போரும் உளர். எனினும், இந்நூற்றாண்டின் தொடக்கம்வரை நீடித்த ஒரு வழக்கைத் தீர்த்துவைத்தது பல்லே.

1347 முதல் 1351 வரை ஐரோப்பாவிற் பரவிய ‘கரிய மரணம்’ அக்கண்டத்து மக்களுள் மூன்றிலொரு பங்கினரையேனும் மாய்த்தது. அது எலித்தெள்ளுவாற் பரவும் கொள்ளைநோயே என்பதைச் சில ஆசிரியர் மறுத்தனர். அவர்தம் காரணம் எளிதில் தள்ளத்தக்கதன்று. 1894 இல் ஒங்கொங்கில் யெர்சின் கண்டறிந்த கிருமி பிற்காலத்து ஊர்களில் மெல்லவே பரவியது. நான்காண்டுகளில் ஒரு கண்டத்தைக் கடந்த நோய் அதுவாதல் எங்ஙனம்?

பல்லின் உட்குழிக் குருதிநாளங்களிற் புகுந்த கிருமியின் டீ.என்.ஏ. பல நூற்றாண்டுகள் அழியாதிருத்தலுண்டு. இலண்டனின் கிழக்குச் சிமித்பீல்ட் இடுகாட்டில் அக்காலத்துப் புதைக்கப்பட்டோரின் பற்களிலிருந்து, 2011 இல், கிருமியின் பரம்பரையலகுத் தொகுதி பெரும்பாலும் முழுமையாக வாசிக்கப்பட்டது. அது யெர்சின் கண்ட கிருமியே. இன்றுள்ளவற்றோடு ஒப்புநோக்கியபோது, அன்றைய கொடுமைக்குத் தனிக்காரணமாகச் சுட்டத்தக்க மாற்றம் எதுவும் அதிற் காணப்படவில்லை. ஆகவே, வேகத்தின் காரணத்தைக் கிருமியிடத்தன்றி அக்கால மக்களின் வறுமையிலும் வாழ்க்கை முறையிலும் தேடுதலே தகுமென்பது எம் கருத்து.

இனி, இக்கிருமியின் பிறப்பை நோக்குவோம். இதன் மூதாதை மண்ணிலும் நீரிலும் வாழ்ந்து, உணவுவழிக் குடலிற் புகுந்து, பெரும்பாலும் உயிர்க்கொல்லாத நோயைத் தரும் ஒரு பற்றீரியம். சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அதனின்று பிரிந்த கிளையே கொள்ளைநோய்க் கிருமி. அது பெற்றது சிறிது, இழந்தது பெரிது. 2001 இல் அதன் நாற்பத்தாறு இலட்சத்துக்கு மேற்பட்ட எழுத்துக்களும் வாசிக்கப்பட்டபோது, நூற்றைம்பது வரையான பரம்பரையலகுகள் சிதைந்து செயலற்றிருத்தல் புலனாயிற்று. குடற்சுவரைப் பற்றும் கருவிகள் அவற்றுட் சில. குடலை விட்டு நீங்கியதற்கு அவை எதற்கு?

வியப்புக்குரியது தெள்ளுவோடு அது கொண்ட உறவு. மூதாதை சுரக்கும் ஒரு நொதியம் தெள்ளுவைக் கொல்வது. ஒரு பரம்பரையலகில் ஓரெழுத்து மிகையாகப் புகுந்தமையால் அந்நொதியம் ஒழிந்தது. ஊர்தியாகிய தெள்ளு பிழைத்தது. புதிதாகப் பெற்ற மற்றொரு பரம்பரையலகு தெள்ளுவின் குடலிற் கிருமி உயிர்வாழ உதவியது. ஒட்டும்படலம் அமைப்பதைத் தடுத்த வேறொன்றும் சிதையவே, கிருமிகள் திரண்டு தெள்ளுவின் உணவுவழியை அடைத்தன. பசியால் வாடும் தெள்ளு மீண்டும் மீண்டும் கடித்து, கடிவாயிற் கிருமியைக் கக்குகின்றது. இவையனைத்தும் ஒருங்கே நிகழ்ந்தில. ஏறக்குறைய ஐயாயிரம் ஆண்டுப் பழைமையான பற்களை ஆராய்ந்து 2015 இல் வெளியிட்டோர், அக்காலக் கிருமி மக்களைப் பற்றியிருந்தும் தெள்ளுவில் வாழ உதவும் அப்பரம்பரையலகைப் பெற்றிலது எனக் கண்டனர்.

கரிய மரணம் எங்கிருந்து புறப்பட்டது என்ற வினா எஞ்சியது. கிர்கிசுத்தானத்தில் இசிக்குல் ஏரிக்கு அண்மையிலுள்ள இடுகாடுகளில், 1338, 1339 ஆம் ஆண்டுகளைக் குறிக்கும் நடுகற்கள் நூற்றுக்கு மேற்பட்டவை; அவற்றுட் சில, இறந்தோர் கொள்ளைநோயால் மாண்டனர் எனச் சுரியானி மொழியிற் கூறுவன. அங்கு 1880 களில் அகழ்ந்தெடுத்த எலும்புகள் உருசியாவிற் பேணப்பட்டிருந்தன. அவற்றின் பற்களில் அக்கிருமி இருந்தமையும், ஐரோப்பாவை அழித்த கிளைக்கு அது நேர்மூதாதை நிலையில் நிற்பதும் 2022 இல் வெளியாயின.